நீட் ஹாலில் நேரம் எங்கே போகிறது?

180 கேள்வி, 180 நிமிடம். அதாவது ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். 2025-ல் விருப்பக் கேள்விகளை எடுத்துவிட்டுப் பழையபடி மூன்று மணி நேரத் தேர்வாக மாற்றியதிலிருந்து, நீட் எழுதப்போகும் பிள்ளைகள் எல்லார் வாயிலும் இருக்கும் கணக்கு இதுதான். மனப்பாடம் செய்யச் சுலபமாக இருக்கிறது. ஆனால் ஹாலில் வரும் பதற்றத்தில் பாதி இந்தக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறது என்பேன். காரணம், அது தப்புக் கணக்கு.

முதலில் ஓ.எம்.ஆர். ஷீட்டை, அதாவது வட்டங்களைக் கறுப்பாக்கி விடை குறிக்கும் தாளைப் பாருங்கள். ஒரு வட்டத்தை ஒழுங்காகக் கறுப்பாக்க 5 வினாடி என்று வைத்துக்கொண்டால்கூட, 180 வட்டத்துக்கு 15 நிமிடம். ஆக, யோசிக்கக் கிடைப்பது 165 நிமிடம்தான். அடுத்தது, எல்லாக் கேள்வியும் ஒரே அளவு நேரம் கேட்பதில்லை. பயாலஜியில் பாடப்புத்தக வரியை அப்படியே திருப்பிக் கேட்கும் கேள்விக்கு 15 வினாடி போதும். தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் பத்து நிமிடம் முறைத்துப் பார்த்தாலும் தெரியாது. பிசிக்ஸ் கணக்கு அப்படியில்லை. வழி தெரிந்தவருக்கும் இரண்டு நிமிடம் ஆகும். ஆனால் மதிப்பெண் இரண்டுக்கும் ஒன்றுதான்: சரி என்றால் 4, தப்பு என்றால் ஒன்று குறையும்.

"ஒரு நிமிடத்துக்கு ஒன்று" என்று மனதில் வைத்துக்கொண்டு உட்காரும் பிள்ளை, முதல் பிசிக்ஸ் கணக்கு இரண்டரை நிமிடம் இழுத்ததுமே "பின்தங்கிவிட்டேன்" என்று நினைக்கிறது. உண்மையில் பின்தங்கவில்லை. ஆனால் அந்த நினைப்பு வந்தபிறகு நிஜமாகவே பின்தங்க ஆரம்பிக்கிறது. அது ஏன் என்று முதலில் பார்த்துவிடலாம்.

பதற்றம் தலைக்குள் என்ன செய்கிறது

கணக்குப் போடும்போது எண்களையும் இடைவிடைகளையும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும் ஒரு திறன் மூளைக்கு உண்டு. உளவியலில் இதை ஒர்க்கிங் மெமரி என்பார்கள். அதன் கொள்ளளவு மிகச் சிறியது. நான்கைந்து விஷயங்களுக்கு மேல் ஒரே சமயத்தில் நிற்காது. கவலையும் அதே இடத்தில்தான் வந்து உட்காருகிறது. இந்த ஒரு வாக்கியம் புரிந்தால் மீதிக் கட்டுரை சுலபம்.

ஒரு கேள்வியைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். ஒரு பந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேராக மேலே எறியப்படுகிறது. அது 15 மீட்டர் உயரத்தில் இருப்பது எப்போது? புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்ளவும். விடைகள்: ஒன்று, 1 வினாடியில் மட்டும். இரண்டு, 1 வினாடியிலும் 3 வினாடியிலும். மூன்று, 2 வினாடியில். நான்கு, 3 வினாடியில் மட்டும்.

இதைப் போடும் மாணவி 20, 10, 15 என்ற மூன்று எண்களைப் பிடித்திருக்க வேண்டும். எந்தச் சமன்பாடு என்று நினைவில் இருக்க வேண்டும். அது இருபடிச் சமன்பாடு, அதற்கு இரண்டு விடை வரும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். இதோடு இடம் நிறைந்துவிட்டது. இப்போது பக்கத்துப் பெஞ்சுக்காரர் பக்கம் திருப்பும் சத்தம் கேட்கிறது. "அவன் அடுத்த பக்கம் போயிட்டான், எனக்கு இன்னும் கெமிஸ்ட்ரி முழுசா கிடக்கு" என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புக்கு இடம் விட ஏதோ ஒன்று வெளியேறியாக வேண்டும். பெரும்பாலும் வெளியேறுவது "இரண்டு விடை வரும்" என்பதுதான். 1 வினாடி என்று வந்ததும் முதல் விடை கண்ணில் படுகிறது, கை வட்டத்தைக் கறுப்பாக்குகிறது. பந்து மேலே போகும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம் அதே உயரத்தைக் கடக்கும் என்று அந்த மாணவிக்கு நன்றாகத் தெரியும். வெளியே வந்து "சில்லி மிஸ்டேக்" என்பார். சில்லி எல்லாம் இல்லை. அந்தப் பொறி விடையை முதலில் வைத்தவர்களுக்கு இது எப்படி நடக்கும் என்று நன்றாகவே தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது, பயாலஜி கேள்வியில் இந்தச் சேதம் குறைவு. ஒரே வரியை நினைவிலிருந்து எடுப்பதற்கு ஒர்க்கிங் மெமரி அவ்வளவாகத் தேவைப்படாது. 1908-லேயே யெர்கீஸ், டாட்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எலிகளை வைத்துச் செய்த சோதனையில் இது தெரிந்தது. லேசான மின் அதிர்ச்சியோடு பழக்கியபோது, சுலபமான வேலையை எலிகள் அதிர்ச்சி கூடக்கூட வேகமாகக் கற்றன. கடினமான வேலையில் ஒரு அளவுக்கு மேல் அதிர்ச்சி கூடியதும் திணறின. எலியையும் பிளஸ் டூ பிள்ளையையும் ஒன்றாக்கக் கூடாதுதான். ஆனால் சுலபமான வேலை அழுத்தத்தைத் தாங்கும், சிக்கலான வேலை தாங்காது என்பது ஹாலில் உட்கார்ந்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

இன்னொன்று. நெஞ்சு படபடப்பதும், உள்ளங்கை வேர்ப்பதும், "போச்சு, இந்த வருஷமும் போச்சு" என்று மனம் ஓடுவதும் ஒன்றல்ல. 1967-ல் லீபர்ட், மாரிஸ் என்ற ஆய்வாளர்கள் தேர்வுப் பதற்றத்தை உடல் கிளர்ச்சி, கவலை என்று இரண்டாகப் பிரித்தார்கள். மதிப்பெண்ணைத் தின்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். படபடப்பு என்பது உடம்பு தயாராகிறது என்பதன் அடையாளம், அவ்வளவே. ஜேமிசனும் கூட்டாளிகளும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஜி.ஆர்.இ. என்ற அமெரிக்க மேற்படிப்பு நுழைவுத் தேர்வை எழுதத் தயாரான மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் "படபடப்பு வந்தால் பயப்படாதீர்கள், அது உதவவும் செய்யும்" என்று மட்டும் சொன்னார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் மாதிரித் தேர்வின் கணிதப் பகுதியிலும், பிறகு எழுதிய நிஜத் தேர்வின் கணிதப் பகுதியிலும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஆகவே "டென்ஷன் ஆகாதே" என்று பிள்ளையிடம் பத்துத் தரம் சொல்வதைவிட, "டென்ஷன் ஆனால் ஆகட்டும்" என்று ஒரு தரம் சொல்வது மேல்.

அப்படியானால் எந்த வரிசையில் எழுதுவது?

வினாத்தாளில் பிசிக்ஸ் முதலில் அச்சாகியிருக்கலாம். அதற்காக அதில் தொடங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உட்கார்ந்த முதல் கால் மணி நேரம்தான் பதற்றம் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் அதைத் தாங்கக்கூடிய பாடத்தை வைப்பதுதான் புத்திசாலித்தனம். பெரும்பாலானவர்கள் பயாலஜியில் தொடங்குவதற்கு இதுதான் சரியான காரணம். 90 கேள்வி இருக்கிறது என்பது மட்டுமல்ல. மடமடவென்று இருபது கேள்வி முடிந்ததும் மூச்சு தானாகவே சீராகும்.

நேரத்தைக் கேள்விக்கு இவ்வளவு என்று பங்கு போடாமல், பகுதிக்கு இவ்வளவு என்று போடுங்கள். ஓ.எம்.ஆரையும் சேர்த்து நான் சொல்லும் பங்கு இது: 2 மணியிலிருந்து 2.55 வரை பயாலஜி. 3.40 வரை கெமிஸ்ட்ரி. 4.45 வரை பிசிக்ஸ். கடைசி 15 நிமிடம் விட்டுப்போனவற்றுக்கு. கெமிஸ்ட்ரியில் கெட்டிக்காரர் பத்து நிமிடத்தை அங்கிருந்து எடுத்துப் பிசிக்ஸுக்குக் கொடுக்கலாம். அது அவரவர் மாக் டெஸ்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. ஆனால் இந்த மூன்று இடத்தைத் தவிர மற்ற நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவை நிமிர்ந்து பார்க்கும்போதும் ஒரு கழித்தல் கணக்கு மனதில் ஓடுகிறது. அதுவும் அந்தச் சின்ன இடத்தைத்தான் அடைக்கிறது.

2.55-க்குப் பயாலஜி முடியவில்லை என்றால்? நிறுத்திவிட்டுக் கெமிஸ்ட்ரிக்குப் போங்கள். இதில்தான் பலருக்கு மனம் வராது. மீதி இருக்கும் எட்டுக் கேள்வியும் உங்களை இழுத்து நிறுத்திய கஷ்டமான எட்டு. கெமிஸ்ட்ரியிலோ நீங்கள் இன்னும் பார்க்காத சுலபமான பதினைந்து காத்திருக்கிறது. கஷ்டமான கேள்வியைத் தப்பாகப் போடுவது பெரிய நஷ்டமில்லை. சுலபமான கேள்வியைப் பார்க்காமலே மணி அடித்துவிடுவதுதான் நஷ்டம். 2025-ல் பிசிக்ஸ் கடினமாக வந்தபோது, முதல் பத்துக் கணக்கிலேயே அரை மணி நேரத்தைத் தொலைத்தவர்களுக்கு நடந்தது இதுதான்.

பகுதிக்குள் ஒரு விதி போதும். கேள்வியைப் படித்து 20 வினாடிக்குள் வழி தெரிகிறதா என்று பாருங்கள். விடை அல்ல, வழி. தெரிந்தால் போடுங்கள். நேரம் பிடிக்கும் ஆனால் முடியும் என்றால் வினாத்தாளில் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு வட்டம். சுத்தமாகத் தெரியாது என்றால் ஒரு பெருக்கல் குறி. அடுத்தது. வட்டம் போட்டவற்றுக்கு இரண்டாவது சுற்றில் வருவீர்கள். பெருக்கல் குறி போட்டவற்றை நேரம் இருந்தால் மட்டும் பார்ப்பீர்கள். இதற்கு ஒரு உபரிப் பலனும் உண்டு. விட்டு வந்த கேள்வி மனதில் உறுத்திக்கொண்டே இருக்காது, ஏனென்றால் அதற்கு ஒரு குறி போட்டாகிவிட்டது, திரும்ப வருவது முடிவாகிவிட்டது.

சொல்லப்போனால் நேர அழுத்தம் என்பது பெரும்பாலும் நேரம் பற்றாமல் வருவதில்லை. "இதை விடலாமா, இன்னும் ஒரு நிமிடம் பார்க்கலாமா" என்ற முடிவை 180 தடவை ஹாலில் உட்கார்ந்து எடுப்பதால் வருகிறது. அந்த முடிவை ஒரே தடவை, வீட்டிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும்.

ஓ.எம்.ஆர். விஷயம்

கறுப்பு பால்பாயின்ட் பேனா. அழிக்க முடியாது. எல்லாவற்றையும் கடைசியில் ஷேட் பண்ணிக்கொள்ளலாம் என்பவர்களைக் கண்டால் எனக்குப் பயம். கடைசிப் பத்து நிமிடத்தில் கை நடுங்கும்போது ஒரு வரி தள்ளிப்போனால் அதற்குப் பிறகு எல்லாமே தப்பு. ஒவ்வொரு கேள்விக்கும் ஷேட் பண்ணினால் கண் இரண்டு தாளுக்கும் அலைந்து யோசனை அறுபடும். நடுவழிதான் நல்லது: வினாத்தாளில் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை முடிக்க வேண்டும், பிறகு அந்த விடைகளைச் சேர்த்து ஷேட் பண்ண வேண்டும். பயாலஜியில் தொடங்குபவர்கள் முதல் வட்டத்தைக் கறுப்பாக்கும் முன் கேள்வி எண்ணை விரல் வைத்துப் பாருங்கள். 1-ஆம் எண்ணில் தொடங்கிவிட்டுத் தலையில் கை வைப்பவர்கள் எல்லா வருடமும் இருக்கிறார்கள்.

"முதலில் தோன்றிய விடையை மாற்றாதே" என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். ஆராய்ச்சி அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. குரூகர் என்பவரும் கூட்டாளிகளும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், விடைத்தாள்களில் ரப்பரால் அழித்த தடங்களை எண்ணிப் பார்த்தார்கள். தப்பிலிருந்து சரிக்கு மாறியவைதான் சரியிலிருந்து தப்புக்கு மாறியவற்றைவிட அதிகம். சரியாக இருந்ததை மாற்றித் தப்பாக்கியது மட்டும் நமக்கு வலியோடு நினைவில் நிற்பதால் அறிவுரை அப்படி ஆகிவிட்டது. நீட்டில் ரப்பருக்கு வேலை இல்லை. ஆகவே மறுயோசனை எல்லாம் வினாத்தாளிலேயே, ஷேட் பண்ணும் முன் நடந்து முடிய வேண்டும்.

இங்கி பிங்கி பாங்கி போடலாமா?

நெகட்டிவ் மார்க் என்ற பயம் தேவைக்கு மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. கணக்கைப் பாருங்கள். ஒன்றுமே தெரியாமல் குத்துமதிப்பாக நான்கு கேள்வி போட்டால், சராசரியாக ஒன்று சரி: 4 வரும். மூன்று தப்பு: 3 போகும். மிச்சம் 1. ஒரு விடையைத் தப்பென்று நீக்க முடிந்தால், மூன்று கேள்வியில் ஒன்று சரி, இரண்டு தப்பு: மிச்சம் 2. இரண்டு விடையை நீக்க முடிந்தால், இரண்டு கேள்வியில் ஒன்று சரி, ஒன்று தப்பு: மிச்சம் 3.

ஆக, கண்ணை மூடிக்கொண்டு போடுவதில் சராசரியாக நஷ்டமில்லை, ஆனால் ஆதாயமும் சில்லறைதான். பத்துக் கேள்வியில் ஒன்று மட்டும் சரியானால் 5 மார்க் போய்விடும். இரண்டு விடையை நீக்கிவிட்டு மீதி இரண்டில் தயங்கி விட்டுவிடுவதுதான் மன்னிக்க முடியாத வீண். பொருத்துக வகைக் கேள்வியில் ஒரே ஒரு இணை உறுதியாகத் தெரிந்தாலே சில விடைகள் அடிபட்டுவிடும். ஸ்கர்விக்கு வைட்டமின் சி என்பது தெரிந்தால், அதை வேறெதனோடோ சேர்த்திருக்கும் விடைகளைப் படிக்கவே வேண்டாம். "தெரியாததை விட்டுடு" என்று கோச்சிங் சென்டரில் சொன்னால், "எவ்வளவு தெரியாதது?" என்று திருப்பிக் கேளுங்கள்.

எல்லாம் மறந்துபோன மாதிரி இருந்தால்

மனஅழுத்த நேரத்தில் சுரக்கும் கார்ட்டிசால், படித்ததை நினைவிலிருந்து எடுப்பதைக் கொஞ்ச நேரம் தடுக்கும். படித்தது அழிந்துவிடவில்லை, வாசல் அடைத்திருக்கிறது. அழுத்தம் தொடங்கி 20, 30 நிமிடத்தில்தான் அது இரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1.30-க்குக் கேட் மூடுகிறது. அந்த நேரத்தில் முழுக்கைச் சட்டை, ஷூ, கம்மல், ஹால் டிக்கெட்டில் ஒட்டாத போட்டோ என்று வாசலில் நடக்கும் ரகளையின் விளைவு 2 மணிக்கு, வினாத்தாள் பிரிக்கும்போது வந்து நிற்கும். பன்னிரண்டரைக்கே உள்ளே போய் உட்கார்ந்திருப்பதை ஒழுக்கப் பாடமாகப் பார்க்காதீர்கள். அது மார்க் விஷயம்.

ஹாலில் அப்படி ஆகிவிட்டால் பேனாவைக் கீழே வையுங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு தானாகக் குறையும் என்பதால் விடுவது நீளமாக இருக்க வேண்டும். ஆறு தடவை செய்ய ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்துக்குக் கஞ்சத்தனம் பார்த்துப் பத்து நிமிடம் அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பவர்களே அதிகம். பிறகு, எந்தப் பாடமானாலும் சரி, தெரிந்த கேள்வி ஒன்றைத் தேடிப் போடுங்கள்.

வீட்டில் பழக வேண்டியவை

மாக் டெஸ்டைக் காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் எழுதிப் பயனில்லை. நீட் நடப்பது பெரும்பாலும் மே மாதத் தொடக்கத்தில், அக்னி நட்சத்திரம் ஆரம்பிக்கும் நாட்களில், மதியம் 2 முதல் 5 வரை. சாப்பிட்ட மயக்கமும் வெக்கையும் சேர்ந்த நேரம். அதே நேரத்தில், அதே அளவு சாப்பிட்டுவிட்டு, மின்விசிறி சத்தத்துக்கு நடுவே எழுதிப் பழகுங்கள். கையில் வாட்ச் கட்ட அனுமதி கிடையாது. ஆகவே வாட்ச் இல்லாமல் பழகுங்கள். வினாத்தாள் மட்டும் போதாது, ஓ.எம்.ஆரையும் அச்செடுத்து ஷேட் பண்ண வேண்டும். மார்க்கை மட்டும் பார்க்காமல், எந்தக் கேள்வியில் எவ்வளவு நேரம் போனது, விட்டிருக்க வேண்டியதை எங்கே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று பாருங்கள்.

தமிழ் வழியில் எழுதுபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. உங்கள் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் இரண்டும் இருக்கும். எல்லாக் கேள்வியையும் இரண்டிலும் படித்தால் நேரம் இரட்டிப்பாகும். தமிழில் படியுங்கள், கலைச்சொல் புதிதாக இருந்தாலோ வாக்கியம் இடித்தாலோ மட்டும் ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லைப் பாருங்கள். முரண்பாடு வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது விதி. 2018-ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்குப் போய், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது; உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே முக்கியக் கலைச்சொற்களின் ஆங்கில வடிவத்தை இப்போதே பழகிக்கொள்வது பாதுகாப்பு.

தேர்வுக்கு முன் மனதில் இருக்கும் பயங்களைப் பத்து நிமிடம் எழுதினால் மார்க் கூடும் என்று 2011-ல் ராமிரெஸ், பைலாக் இருவரும் எழுதிய கட்டுரை மிகப் பிரபலம். அதிலிருந்து ஒரு சோதனையைத் திரும்பச் செய்து பார்த்து 2018-ல் வெளியிட்டபோது அந்தப் பலன் தென்படவில்லை. எழுதினால் மனம் இலேசாகிறது என்பவர்கள் எழுதுங்கள். மந்திரமாக எதிர்பார்க்க வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் அந்த மூன்று மணி நேரத்துக்கு. தூக்கம் வாரக்கணக்கில் கெட்டு, சாப்பாடு இறங்காமல், "நான் இருந்தே பிரயோஜனமில்லை" என்று ஒரு பிள்ளை பேச ஆரம்பித்தால், அது நேர மேலாண்மைப் பிரச்சினை இல்லை. அதற்கு மாக் டெஸ்ட் மருந்தும் இல்லை. அப்போது அறிவுரையை நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், தனியாக விடாதீர்கள். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண், இந்தியா முழுவதும் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்: இரண்டையும் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். தேர்வு எழுதும் பிள்ளைதான் பேச வேண்டும் என்றில்லை, என்ன செய்வதென்று தெரியாத அம்மா, அப்பா, அண்ணன், அக்கா யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம்.